சூடு ஏறினால் மூளைச் செல் ஏன் சாகிறது? கால்சியத்தின் வரவு செலவு

முட்டையின் வெள்ளைக்கரு இறுகத் தொடங்க ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வேண்டும். மனித உடலின் உள்வெப்பமோ 41.6 முதல் 42 டிகிரி வரை ஏறி, முக்கால் மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் அங்கேயே நின்றால் செல்கள் சேதமாகத் தொடங்கிவிடும். 49, 50 டிகிரி என்றால் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. அங்கே புரதங்கள் நேரடியாகக் குலைந்துபோகின்றன. “வெயில்ல மூளையே வெந்துபோச்சு” என்பது பேச்சுக்குச் சரி. ஆனால் 42 டிகிரியில் எதுவும் வேகாது. அந்தச் சூட்டில் நியூரான், அதாவது மூளையின் நரம்புச் செல், சாவதற்கு வேறு வழி இருக்கிறது. அதில் பெரும் பங்கு கால்சியத்துக்கு.

கால்சியம் என்றதும் பாலும் எலும்பும் நினைவுக்கு வரும். உடலில் உள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. இங்கே பேசப்போகும் சங்கதி எல்லாம் மீதி ஒரு சதவீதத்தில் நடப்பது. 1883-ல் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்துத் துடிக்கவிட்டுக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரில் உப்பைக் கரைத்தபோது துடித்த இதயம், காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்தபோது ஓய்ந்துபோனது. லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் அத்தனை நாளும் அதைத் துடிக்க வைத்திருந்தது. செல்லின் வேலையை ஓட்டவும் கால்சியம் வேண்டும் என்பதற்கு அது முதல் தடயம்.

ஊற்றும் மோட்டாரும்

கிணறு வெட்டுகிற இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஆழம் போகப் போகச் சுற்றுச்சுவரிலிருந்து ஊற்று கசிந்துகொண்டே இருக்கும். மோட்டார் ஓடினால்தான் உள்ளே இறங்கி வேலை செய்யலாம். கரண்ட் போனால் தண்ணீர் தானாக ஏறும். யாரும் ஊற்ற வேண்டியதில்லை.

மூளைச் செல்லும் இதே நிலையில்தான் எப்போதும் இருக்கிறது. செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் கால்சியத்தின் செறிவு சுமார் 1.2 மில்லிமோலார். சும்மா இருக்கும் நியூரானுக்குள் 0.0001 மில்லிமோலார், அதாவது 100 நானோமோலார். வெளியே பத்தாயிரம் மடங்குக்கு மேல் அதிகம். போதாக்குறைக்கு, வெளிப்பக்கத்தோடு ஒப்பிட்டால் செல்லின் உட்பக்கம் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னாக இருக்கிறது. கால்சியமோ இரட்டை நேர்மின் அயனி. செறிவும் உள்ளே தள்ளுகிறது, மின்னழுத்தமும் உள்ளே இழுக்கிறது. ஒரு சின்னக் கதவு திறந்தாலே போதும்.

எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். நியூரானின் கிளைகளில் முள் மாதிரி துருத்திக்கொண்டு சிறு குமிழ்கள் இருக்கும். அடுத்த நியூரானின் செய்தி வந்து இறங்கும் இடம் அது. ஒரு குமிழின் தலைப்பகுதி சுமார் 0.1 கன மைக்ரோமீட்டர். 100 நானோமோலார் செறிவில் அதற்குள் கட்டற்றுத் திரியும் கால்சியம் அயனிகளை எண்ணினால் ஆறு வரும். அதே அளவு வெளித்திரவத்தில் எழுபதாயிரத்துக்கு மேல். உள்ளே ஆறுதான் இருப்பதால், நூறு அயனி வந்தாலே செல்லுக்கு அது பெரிய செய்தி. நினைவு பதிவதும், அடுத்த செல்லுக்குத் தகவல் போவதும், மரபணு விழிப்பதும் இந்தச் சிறு ஏற்ற இறக்கத்தை நம்பித்தான் நடக்கின்றன. அளவு கூடி அப்படியே நின்றுவிட்டால் செய்தியே விஷமாகிறது.

உள்ளே வந்த கால்சியத்தை அப்புறப்படுத்த நான்கு ஏற்பாடுகள் உண்டு. செல்சவ்வில் உள்ள கால்சியம் பம்பு, செல்லுக்கு எரிபொருள் மாதிரியான ஏடிபியைச் செலவழித்து அயனியை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும். மெதுவானது, ஆனால் துல்லியமானது. சோடியம்–கால்சியம் மாற்றி மூன்று சோடியத்தை உள்ளே விட்டு ஒரு கால்சியத்தை வெளியே அனுப்பும். வேகமானது, ஆனால் சோடியத்தின் ஏற்றத்தாழ்வை நம்பியிருப்பது. எண்டோபிளாச வலை என்கிற உட்கிடங்கின் சவ்வில் உள்ள சர்கா பம்பு ஒரு ஏடிபிக்கு இரண்டு கால்சியத்தைக் கிடங்குக்குள் ஏற்றும். நான்காவது மைட்டோகாண்ட்ரியா. நெருக்கடி வந்தால் அது பஞ்சு மாதிரி கால்சியத்தை உறிஞ்சிக்கொள்ளும். முதலாவதும் மூன்றாவதும் நேரடியாகவே ஏடிபியில் ஓடுபவை. இரண்டாவது, ஏடிபியைச் செலவழித்துச் சோடியத்தை வெளியே தள்ளும் சோடியம் பம்பு வழியாக மறைமுகமாக. நான்காவதுதான் ஏடிபியையே தயாரிக்கிறது. ஆக, நான்கு மோட்டாருக்கும் ஒரே லைன்தான். உடல் எடையில் 2 சதவீதம் உள்ள மூளை, ஓய்வில் இருக்கும்போதே உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்பதற்கு இந்த அயனிக் கணக்கைக் காப்பதே பெரிய காரணம்.

சூடு என்ன செய்கிறது

சூடு ஊற்றைப் பெருக்குகிறது, அதே நேரத்தில் கரண்டையும் குறைக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் செல் பெரும்பாலும் சமாளித்துவிடும்.

முதலில் ஊற்று. உடலின் வேதிவினைகள் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமாகும். 37-லிருந்து 42-க்கு ஐந்து டிகிரி ஏறினால் சுமார் ஒன்றரை மடங்கு. அயனிக் கதவுகள் திறந்து மூடும் வேகமும் கூடுகிறது. நியூரான்கள் படபடக்கின்றன, சிலருக்கு வலிப்பே வருகிறது. வலிப்பு வந்தால் குளூட்டமேட் என்னும் தூண்டல் வேதிப்பொருள் ஏராளமாகக் கொட்டும்.

இங்கே மூச்சும் ஒரு கை கொடுக்கிறது. சூட்டில் வேகமாக மூச்சிரைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ரத்தத்தின் அமிலத்தன்மை குறைந்து காரத்தன்மை கூடுகிறது. குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பி என்பது கால்சியத்துக்கான அகலமான கதவு. சாதாரண நிலையில் ஹைட்ரஜன் அயனிகள் அதை ஓரளவு அடக்கி வைத்திருக்கும். காரத்தன்மை கூடினால் அந்த அடக்கம் தளர்கிறது. கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் வேறு சுருங்குகின்றன. அதாவது கதவு இளகும் நேரத்தில் சப்ளை குறைகிறது.

அடுத்து கரண்ட். வெப்பத்தை வெளியேற்ற உடல் தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. வியர்வையில் நீர் போகிறது. ரத்த அழுத்தம் இறங்குகிறது. மூளைக்குத் தேவை ஒன்றரை மடங்கானபோது வரத்து குறைகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வும் சூட்டில் கசிய ஆரம்பிக்கிறது: ஆக்சிஜனை எரித்தாலும் அதற்கேற்ற ஏடிபி கிடைப்பதில்லை. சர்கா பம்பே வெப்பத்துக்கு எளிதில் தளரும் புரதம். கிடங்குக்குள் ஏற்றும் வேலை மந்தமாகி, அங்கிருந்து கசிவது கூடுகிறது.

ஏடிபி குறைந்தால் சோடியம் பம்பு முதலில் தடுமாறும். அங்கிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிவு. உட்பக்க எதிர்மின்னழுத்தம் −70-லிருந்து பூஜ்ஜியத்தை நோக்கி நகர்கிறது. என்எம்டிஏ கதவில் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும் மக்னீசியம் அயனி அந்த மின்னழுத்த மாற்றத்தில் கழன்றுகொள்ளும். மின்னழுத்தத்தால் திறக்கும் கால்சியக் கதவுகளும் திறக்கின்றன. கொட்டிய குளூட்டமேட்டை அள்ளி உள்ளே வைக்க வேண்டிய கடத்திகள் சோடியத்தை நம்பியவை. அவை நின்றுபோகின்றன, நிலைமை முற்றினால் தலைகீழாக ஓடி இன்னும் குளூட்டமேட்டை வெளியே கொட்டுகின்றன. சோடியம்–கால்சியம் மாற்றியும் திசை மாறுகிறது: வெளியேற்ற வேண்டியது உள்ளே இழுக்கிறது. மோட்டார் நின்றது மட்டும் இல்லை, குழாய் வழியே தண்ணீர் திரும்பி வருகிறது.

சூட்டாலேயே திறக்கும் கதவுகளும் உண்டு. மிளகாய்க் காரத்துக்குத் திறக்கும் டிஆர்பிவி1 அவற்றில் பிரபலமானது. 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழு அடையாளம் கண்டது. 2021-ல் அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அது திறக்க 43 டிகிரி அளவு வேண்டும். மனித மூளை அவ்வளவுக்குப் போவதற்கு முன்பே சேதம் தொடங்கிவிடுவதால், முழுப் பழியையும் இந்தக் கதவின் மேல் போடுவது அவசரம். அதன் உறவுக்காரக் கதவுகள் சில, சாதாரண உடல் வெப்பத்திலேயே ஓரளவு திறந்திருப்பவை. அவற்றைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

உள்ளே வந்த கால்சியம் செய்யும் வேலை

கால்சியம் தானாக எதையும் வெட்டுவதில்லை. தூங்கிக்கொண்டிருக்கும் நொதிகளை எழுப்பிவிடுகிறது. கால்பெயின் எழுந்தால் செல்லின் சட்டகமான ஸ்பெக்ட்ரின் புரதத்தை நறுக்குகிறது. பாஸ்போலிபேஸ் சவ்வின் கொழுப்பை அரிக்கிறது. நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி வேகமெடுக்கிறது; அந்த நைட்ரிக் ஆக்சைடு சூப்பர் ஆக்சைடோடு சேர்ந்தால் பெராக்சிநைட்ரைட் என்னும் மோசமான பொருள் பிறக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் மைட்டோகாண்ட்ரியா. காப்பாற்றத்தான் அது கால்சியத்தை உறிஞ்சியது. அளவு மீறினால் அதன் உட்சவ்வில் பெரிய துளை திறக்கிறது. மின்னழுத்தம் விழுகிறது, உறுப்பு வீங்கி வெளிச்சவ்வு கிழிகிறது, செல்லின் சாவைத் தூண்டும் சைட்டோகுரோம்-சி என்னும் புரதம் வெளியே கசிகிறது. ஏடிபி தயாரிக்கும் இயந்திரம் பின்னோக்கிச் சுழன்று மிச்சமிருக்கும் ஏடிபியையும் தின்கிறது. இங்கிருந்து செல்லுக்கு இரண்டு பாதை. கொஞ்சம் ஏடிபி மிஞ்சியிருந்தால் ஒழுங்காகத் தன்னைத்தானே பிரித்துப்போட்டுச் சாகும். சுத்தமாக இல்லாவிட்டால் வீங்கி வெடித்து, உள்ளே இருந்த குளூட்டமேட்டைப் பக்கத்து செல்லின் தலையில் கொட்டிவிட்டுச் சாகும். ஒரு செல்லின் சாவு அடுத்ததைத் தொடுவது இந்த இரண்டாவது பாதையில்.

அதிகத் தூண்டலே நியூரானைக் கொல்லும் என்ற கருத்துக்கு 1969-ல் பெயர் வைத்தவர் ஜான் ஓல்னி. அந்தச் சாவு கால்சியத்தை நம்பியது என்பதை 1980-களில் வளர்ப்புத் தட்டில் காட்டியவர் டென்னிஸ் சோய். அவை சூட்டுக்காகச் செய்த ஆய்வுகள் இல்லை, பக்கவாதத்தைப் புரிந்துகொள்ளத்தான் முதலில் பயன்பட்டன. ஹீட் ஸ்ட்ரோக் (உடல் சூடு எல்லை மீறி மூளையைப் பாதிக்கும் நிலை) உண்டாக்கிய எலிகளின் மூளையில் குளூட்டமேட் ஏறுவதைத் தைவான் ஆய்வாளர்கள் பின்னால் அளந்து காட்டினார்கள். பக்கவாதத்தில் கற்றது சூட்டுக்கும் பொருந்தியது அப்படித்தான்.

ஏன் சிறுமூளை முதலில்

அமெரிக்க ராணுவத்தில் ஹீட் ஸ்ட்ரோக்கால் இறந்த 125 பேரின் பிணக்கூறாய்வு 1946-ல் வெளியானது. மூளையில் திரும்பத் திரும்பத் தெரிந்த சேதம், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் சிறுமூளையின் பர்கிஞ்சி செல்கள் என்னும் பெரிய நியூரான்களில். பிழைத்தவர்களிலும் அதே அடையாளம்: பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, டம்ளரை எடுக்கப்போகும் கை இலக்கைத் தாண்டுகிறது. சில மாதம் கழித்து எடுத்த எம்ஆர்ஐ-யில் சிறுமூளை சுருங்கியிருப்பதும் உண்டு.

பர்கிஞ்சி செல்லின் வேலையைப் பார்த்தால் காரணம் புரியும். யாரும் கூப்பிடாவிட்டாலும் நொடிக்குப் பல பத்து முறை தானாகத் துடிக்கும் செல் அது. ஒவ்வொன்றின் மேலும் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாத இணை இழைகள் என்னும் நரம்பிழைகள் செய்தியோடு வந்து சேர்கின்றன. கூடவே ஏறு இழை என்று ஒன்றே ஒன்று வருகிறது. அது நொடிக்கு ஒரு முறை சுடும்போதெல்லாம் செல்லின் கிளைகள் முழுக்கக் கால்சியம் பாய்கிறது. உட்கிடங்கைத் திறக்கும் ஐபி3 ஏற்பிகளும் இதில் மிக அதிகம். இந்த வரவைச் சமாளிக்கக் கால்பிண்டின் என்னும் கால்சியம் பிடிக்கும் புரதத்தையும் ஏராளமாக வைத்திருக்கிறது. பெரிய வரவு, பெரிய செலவு என்று ஓடும் கடைக்கு ஒரு நாள் முடக்கமே போதும். சின்னக் கடை தாங்கிக்கொள்ளும்.

சூட்டுக்கு எதிராகச் செல்கள் தயாரிக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் மூளையில் அவற்றைச் சட்டென்று தயாரிப்பவை பெரும்பாலும் கிளையா என்னும் துணைச் செல்கள். நியூரான்கள் அதில் சோம்பேறிகள்.

கொலையாளியா, கூட்டத்தில் நின்றவனா

ஆய்வகத்தில் புதிதாக நுழைபவர்கள் சறுக்கும் இடம் இது. எந்தக் காரணத்தால் செத்தாலும், சாகும் செல்லுக்குள் கடைசியில் கால்சியம் நிரம்பிவிடும். சவ்வு கிழிந்தால் நிரம்பாமல் என்ன செய்யும்? ஆகவே “சூடு காட்டினோம், கால்சியம் ஏறியது, செல் செத்தது” என்பது எதையும் நிரூபிக்காது. சாவுக்கு முன்னால் ஏறியதா, ஏறாமல் தடுத்தால் செல் பிழைக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். 45 டிகிரி காட்டினால் கால்சியத்தைத் தடுத்தாலும் புரதக் குலைவே போதுமானதாகிவிடும். 41, 42 டிகிரியில், அதோடு ஆக்சிஜனோ குளுக்கோஸோ குறையும்போதுதான் கால்சியத்தின் பங்கு தெளிவாகப் பிரிந்து தெரியும்.

அளக்கும் கருவியே ஏமாற்றும். கால்சியத்தைப் பிடித்தால் ஒளிர்வு மாறும் ஃப்யூரா-2 என்னும், பலரும் பயன்படுத்தும் சாயத்தை ரோஜர் சியன் குழு 1985-ல் வெளியிட்டது. 340, 380 நானோமீட்டர் ஒளியை மாற்றி மாற்றிப் பாய்ச்சி, 510-ல் வரும் ஒளிர்வின் விகிதத்தைப் பார்ப்பது முறை. அந்த விகிதத்தைச் செறிவாக மாற்ற ஒரு மாறிலி வேண்டும். அவர்கள் கொடுத்த மதிப்பு 20 டிகிரியில் 135 நானோமோலார். 37 டிகிரியில், மக்னீசியமும் சேர்ந்த கரைசலில், 224. பழைய மதிப்பையே போட்டுவிட்டால் உண்மையில் 100 இருப்பது 60 என்று வரும். தட்டைச் சூடேற்றும் ஆய்வில் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனியாக அளவுத்திருத்தம் செய்தே ஆக வேண்டும். சூட்டில் சாயம் செல்லிலிருந்து வேகமாகக் கசியும். கசிந்த சாயம் வெளியே உள்ள மில்லிமோலார் கால்சியத்தைச் சந்தித்து முழு ஒளிர்வு காட்டும். திரையில் கால்சியம் ஏறுவதாகத் தெரியும். செல்லுக்குள் எதுவும் நடந்திருக்காது. அளவு எடுத்து முடித்ததும் வெளித்திரவத்தில் மாங்கனீசு சேர்த்தால் கசிந்த சாயம் உடனே மங்கும். எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு பொய்.

கரைசலின் அமில-கார அளவான பிஹெச்சும் நகரும். பிஹெச்சை நிலையாக வைக்கச் சேர்க்கும் ஹெப்பஸ் தாங்கலில் அது ஒரு டிகிரிக்கு 0.014 இறங்கும், 25 டிகிரியில் சரிசெய்த கரைசல் 42-க்குப் போனால் கிட்டத்தட்ட 0.24 குறைந்திருக்கும். ட்ரிஸ் என்னும் தாங்கல் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. கால்சியத்தை அகற்ற ஈஜிடிஏ சேர்ப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி. பிஹெச் 0.1 மாறினாலே ஈஜிடிஏ கால்சியத்தைப் பிடிக்கும் வலு ஒன்றரை மடங்குக்கு மேல் மாறும். செய்ய வேண்டியது எளிது: கரைசலை ஆய்வு நடக்கும் வெப்பநிலையில் வைத்தே பிஹெச் சரிசெய்யுங்கள். வெப்பநிலையையும் ஹீட்டரின் திரையில் பார்க்காதீர்கள், செல்லுக்குப் பக்கத்தில் நுண்ணிய தெர்மோகப்பிளை (வெப்பம் அளக்கும் மெல்லிய கம்பியை) வைத்துப் பாருங்கள். எண்ணெயில் தொட்டுக்கொண்டிருக்கும் லென்ஸ் சூட்டை உறிஞ்சிக்கொள்வதால், திரையில் 42 என்று இருக்கும்போது செல் 40-ல் இருக்கலாம். இந்த விஷயத்தில் இரண்டு டிகிரி என்பது சாவுக்கும் பிழைப்புக்கும் இடையிலான தூரம். மயாமியில் புஸ்டோவும் டீட்ரிச்சும் 1987-ல் எலிகளில் இதைக் காட்டினார்கள்: ரத்த ஓட்டத்தை அதே 20 நிமிடம் நிறுத்தினாலும், மூளை 36 டிகிரியில் இருந்ததா 34-ல் இருந்ததா என்பதைப் பொறுத்து சேதம் பெரிதும் மாறியது.

ரத்தத்தில் கால்சியம், மருந்து, ஐஸ் தண்ணீர்

பால் குடித்தாலோ கால்சியம் மாத்திரை போட்டாலோ வெயிலில் மூளைக்கு ஆபத்தா என்று கேட்பவர்கள் உண்டு. ஆபத்தில்லை. ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் ஹார்மோன்களால் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இங்கே பிரச்சினை வெளியே எவ்வளவு இருக்கிறது என்பதில் இல்லை, கதவிலும் மோட்டாரிலும் இருக்கிறது.

சொல்லப்போனால் ஹீட் ஸ்ட்ரோக் நோயாளியின் ரத்தத்தில் கால்சியம் பல நேரம் குறைந்தே இருக்கும். சிதைந்த தசை கால்சியத்தை உறிஞ்சித் தன்னில் படியவைத்துக்கொள்கிறது. மூச்சிரைப்பால் ரத்தம் காரமானால் ரத்தத்தில் உள்ள அல்புமின் என்னும் புரதம் இன்னும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். விரல் மரப்பும் கை இழுப்பும் வருவது அதனால். எண் குறைவாக இருக்கிறதே என்று கால்சியம் ஊசியை ஏற்றிவிடக் கூடாது. அதுவும் காயப்பட்ட தசையில்தான் போய்ப் படியும். குணமாகும்போது எல்லாம் திரும்ப ரத்தத்துக்கு வந்து அளவை எகிறவைக்கும். பொட்டாசியம் ஏறி ஈசிஜி மாறியிருந்தாலோ, குறைவால் வலிப்பு போன்ற அறிகுறி இருந்தாலோதான் மருத்துவர்கள் கொடுப்பார்கள்.

கால்சியம்தான் கொல்கிறது என்றால் கதவை மருந்தால் அடைத்துவிடலாமே என்ற யோசனை இயல்பானது. பக்கவாதத்தில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். என்எம்டிஏ கதவை அடைக்கும் செல்ஃபோட்டல், ஆப்டிகனெல் இரண்டும் மனிதர்களில் தோற்றன. ஒரு கதவை அடைத்தால் மற்றவை திறந்திருக்கின்றன. மருந்து போய்ச் சேர்வதற்குள் முதல் வெள்ளம் வடிந்துவிடுகிறது. பிழைத்த செல்களுக்கு அதே கதவு வேண்டியும் இருக்கிறது. தசைக் கிடங்கின் கதவை அடைக்கும் டான்ட்ரோலீன், மயக்க மருந்தால் வரும் ‘மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா’ என்னும் ஆபத்தான சூடேற்றத்தில் உயிர் காக்கும், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்று ஆரம்பிப்பார்கள். ஹீட் ஸ்ட்ரோக்கில் சவூதி அரேபியாவில் செய்து 1991-ல் வெளியான ஆய்வில் அதற்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. அந்த மருந்து நன்றாகப் பிடிப்பது தசையில் உள்ள முதல் வகைக் கதவை. மூளையில் அதிகம் இருப்பது இரண்டாம் வகை.

குளிர்வித்தல் மட்டும்தான் மேலே சொன்ன எல்லாக் கண்ணிகளையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. கதவுகள் நிதானமாகின்றன, தேவை இறங்குகிறது, மைட்டோகாண்ட்ரியாவின் கசிவு குறைகிறது, தோலுக்குப் போன ரத்தம் திரும்புகிறது. முதலில் குளிர்வி, பிறகு ஏற்றிச்செல் என்று விதி வைத்திருப்பது அதற்காக. உள்வெப்பம் 40-க்கு மேல், கூடவே குழப்பமோ மயக்கமோ வலிப்போ இருந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு அந்த நிமிடமே ஆரம்பிக்க வேண்டும். வெப்பத்தை ஆசனவாயில்தான் அளக்க வேண்டும். அக்குளும் நெற்றியும் குறைத்துக் காட்டும். கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் இறக்கி, தலையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். கலக்காவிட்டால் தோலை ஒட்டிய தண்ணீர் சூடாகிப் போர்வை மாதிரி நின்றுவிடும். நிமிடத்துக்கு 0.2 டிகிரி இறங்கினால் 42-லிருந்து 39-க்கு வரப் பதினைந்து நிமிடம். 39-ஐ நெருங்கும்போது வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் கொஞ்சம் தானாக இறங்கும். தொட்டி இல்லாவிட்டால் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி மின்விசிறி. அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் கட்டி வைப்பது துணைக்குத்தான், அது மட்டும் போதாது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பாரசிட்டமால் பயனில்லை: காய்ச்சலில் மூளையே வெப்பத்தின் அளவுகோலை உயர்த்தியிருக்கும், அதை இறக்கத்தான் அந்த மருந்து. இங்கே அளவுகோல் பழைய இடத்தில்தான் இருக்கிறது.

39-க்கு வந்துவிட்டதும் கணக்கு முடிந்ததாக ஆகாது. கால்பெயின் நறுக்கிய சட்டகமும் துளை விழுந்த மைட்டோகாண்ட்ரியாவும் அப்படியேதான் இருக்கும். ரத்த ஓட்டம் சில நிமிடம் நின்ற மூளையில் சில நியூரான்கள் இரண்டு முதல் நான்கு நாள் கழித்தே சாவதை 1982-லேயே கிரினோ காட்டியிருக்கிறார். அதனால் விழித்துப் பேசுகிறார் என்று உடனே அனுப்பிவிடாமல், அடுத்த சில நாட்களுக்கு ஒவ்வொரு நாளும் மூன்றைப் பார்ப்பது நல்லது: கோட்டின் மேல் குதிகால் தொட்டு நடக்க முடிகிறதா, தன் மூக்கையும் எதிரில் இருப்பவர் விரலையும் மாற்றி மாற்றித் தொடும்போது விரல் தடுமாறுகிறதா, ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லும்போது எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா. முதல் நாள் சரியாக இருந்து நான்காம் நாள் தடுமாறினால் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.